மில் சங்கும் ஜமீன் ஜாதகமும்

அனுப்புநர்:
ஆ. வெங்கடபதி,
விகடப் பிரசங்கி,
பீளமேடு,
கோயமுத்தூர் தாலுக்கா.

பெறுநர்:
ஜில்லா கலெக்டர் துரையவர்கள் சமூகம்,
கோயமுத்தூர்.

பொருள்: ஆவாரங்காட்டுப்பாளையம் ஜமீனின் ஆஸ்தான ஜோதிடர் சுந்தரராஜுலு என்பவர் தப்பான நேரத்தை வைத்து ஜாதகம் கணித்து, ஜமீனின் ஒரே ஆண் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துத் தத்துக் கொடுக்க ஏற்பாடு செய்திருப்பது, அதை நிறுத்தக் கோருவது சம்பந்தமாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எதிர்க்கட்சிக்காரர் வாயால் ஐயா அவர்கள் கேட்பதைவிட நானே முந்திக்கொள்வது நல்லது என்பதால், முதலில் என் மானத்தை நானே வாங்கிவிடுகிறேன். நான் வழுக்கைத் தலையன். இந்த மனுவில் யாரை மோசக்காரர் என்று சொல்லப்போகிறேனோ, அவரிடமே போன சித்திரையில் நடந்து போய், தலையில் முடி முளைக்க வழி உண்டா என்று கைகட்டிக் கேட்டேன். என் ஜாதகத்தில் கேது தலைமேல் உட்கார்ந்து மேய்கிறான் என்று சொல்லி, மந்திரித்த தைலம் ஒரு புட்டி கொடுத்தார். அதைத் தடவிக்கொண்டு சூலூரில் ஒரு கல்யாண வீட்டில் பிரசங்கம் செய்ய மேடை ஏறினேன். தைலத்தில் வெல்லப்பாகு சேர்ந்திருந்த விஷயம் எனக்கு முன்னால் எறும்புகளுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு நான் குதித்த குதிக்கு ஜனங்கள் சிரித்த சிரிப்பை, இத்தனை வருஷம் தொண்டை கிழியப் பேசியும் நான் வாங்கியதில்லை. அந்த ஆத்திரத்தில் எழுதுகிறான் என்று சுந்தரராஜுலு சொல்லுவார். ஆத்திரம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் இந்த மனு என் தலையைப் பற்றியதல்ல. சூலூரில் ஒரு சீலைத் தொட்டிலில் கிடக்கும் ஆறு மாதக் குழந்தையைப் பற்றியது.

2. ஆவாரங்காட்டுப்பாளையம் ஜமீன் எங்கே இருக்கிறது என்று ஐயா அவர்கள் தேசப்படத்தில் தேட வேண்டியதில்லை. பீளமேட்டிலிருந்து சூலூர் போகும் ரஸ்தாவில், வாசலில் பீரங்கி நிற்கும் ஓட்டு வீடுதான் அரண்மனை. பீரங்கிக்குள் கோழி முட்டையிட்டு வருகிறது. ஜமீன்தார் ஸ்ரீ காளிச்சாமிக் கவுண்டரவர்கள் சாப்பிட்டுக் கை கழுவியதும் அவருக்குச் சிரிப்பு மூட்டுவது என் உத்தியோகமாக இருந்தது. சபையில் ஜோதிடருக்கு நாற்காலி, எனக்குப் பாய். ஜமீன் நாய்க்கு சோபா. இதைக் குறையாகச் சொல்லவில்லை; நாய் ஒரு நாளும் பலன் சொன்னதில்லை, அதற்கு சோபா தகும்.

3. சுந்தரராஜுலு நாலு வருஷத்துக்கு முன்பு ஒரு டிரங்குப் பெட்டியோடு போத்தனூர் ஸ்டேஷனில் வந்து இறங்கியவர். வடக்கே ஒரு சமஸ்தானத்தில் ராஜாவுக்குப் போர் முகூர்த்தம் பார்த்துக் கொடுத்தவர் என்று தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வார். அந்த ராஜா எந்தப் போருக்குப் போனார் என்று கேட்டால் ஆகாசத்தைப் பார்ப்பார். பெட்டியின் மேல் ஒரு நாடகக் கம்பெனியின் காகிதம் ஒட்டியிருந்ததாகப் பெட்டி தூக்கிய போர்ட்டர் சொல்கிறான். அதற்கு நான் சத்தியம் செய்யமாட்டேன். என் காதில் விழுந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

4. இவர் வெறும் பஞ்சாங்கக்காரர் அல்ல, சயின்ஸ் ஜோதிடர். அதுதான் ஆபத்து. கை நடுக்கத்துக்கு வைத்தியம் என்று விற்கிறார்களே, அந்த பாட்டரிப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறார். அதன் இரண்டு கம்பிகளையும் ஜமீன்தார் கையில் கொடுத்து, சனி பகவான் பேர் சொல்லித் திருகாணியைத் திருகினார். ஜமீன்தார் நாற்காலியோடு ஒரு முழம் எழும்பி உட்கார்ந்தார். "பகவான் வந்து தொட்டுப்போட்டுப் போறாருங்க எஜமான்" என்றார் ஜோதிடர். அன்றிலிருந்து ஜமீன்தாருக்குச் சனியைப் பற்றி யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

5. இதற்கு மேல், ஊட்டியில் ஒரு தோட்டத் துரை சீமைக்குத் திரும்பும்போது ஏலம் விட்ட தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்றையும் ஜமீன் செலவில் வாங்கி மாடியில் நிறுத்தினார். நட்சத்திரம் பார்க்கச் செய்த கண்ணாடியில் எதைப் பார்த்தாலும் தலைகீழாகத்தான் தெரியுமாம். நட்சத்திரத்துக்குத் தலையும் காலும் இல்லாததால் சீமையில் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை என்று ஒரு காலேஜ் வாத்தியார் எனக்குச் சொன்னார். ஆனால் நம் ஜோதிடர் அதை நட்சத்திரத்தின் பக்கம் திருப்பவில்லை. ஜமீனின் பழைய மானேஜர் பாலுசாமியின் வீட்டுப் பக்கம் திருப்பினார். கண்ணாடி வாங்கிய ஜமீன் செலவைப் பற்றிப் பாலுசாமி இரண்டு தடவை வாய் திறந்திருந்தார். ஜமீன்தார் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "அடடா, பாலுசாமி ஊடு கவுந்து கெடக்குதுங்களே, சோசியரே" என்றார். "கிரகம் காட்டுதுங்க எஜமான். ஊடு மட்டுமில்லீங்க, அந்த ஊட்டுக்காரரு எண்ணமும் அப்பிடித்தானுங்க" என்றார் ஜோதிடர். மறுநாள் பாலுசாமிக்கு வேலை போயிற்று. அந்த வீட்டு வாசலில் கட்டியிருந்த எருமையும் தலைகீழாகத்தான் தெரிந்தது. அது ஏன் கீழே விழவில்லை என்று கேட்க ஜமீனில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. ஆனால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு அங்கேதான்.

6. இனி விஷயத்துக்கு வருகிறேன். போன ஆனி மாதத்தில் ஜமீன்தாரின் மனைவி ராசாத்தாள் ஆண் குழந்தை பெற்றார். கல்யாணமாகிப் பல வருஷம் கோயில் கோயிலாகச் சுற்றிக் கிடைத்த குழந்தை. பிறந்த நேரத்தைக் குறிக்க அரண்மனையில் ஓடுகிற கடிகாரம் ஒன்றுமில்லை. கடிகாரம் ராகு காலத்திலும் கூச்சமில்லாமல் மணியடிக்கிறது என்று சொல்லி அத்தனையையும் ஜோதிடர் நிறுத்தி வைத்திருந்தார். அதற்குப் பதிலாக நாழிகை வட்டில் ஒன்றை அண்டாத் தண்ணீரில் மிதக்கவிட்டிருந்தார். அடியில் ஊசித் துளையுள்ள பித்தளைக் கிண்ணம். தண்ணீர் ஏறி அது மூழ்கினால் ஒரு நாழிகை கழிந்ததாகக் கணக்கு. சமையற்காரன் அதை ஓட்டைக் கிண்ணம் என்று நினைத்து, எஜமான் வீட்டுச் சாமான் வீணாகக் கூடாதே என்ற விசுவாசத்தில், முதல் நாளே துளையை அரக்கு வைத்து அடைத்துவிட்டான். ஆகவே பிரசவத்தன்று வட்டில் மூழ்கவே இல்லை. நிழல் பார்க்கலாமென்றால் பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்த மேகம் காலையிலிருந்து சூரியனை மூடியிருந்தது. குழந்தை அழுத அதே சமயம் பீளமேட்டுப் பக்கமிருந்து மில் சங்கு ஊதியது. எங்கள் பக்கத்தில் சோறு வடிப்பதும் மாடு அவிழ்ப்பதும் அந்தச் சங்கை வைத்துத்தான். ஜோதிடரும் அதையே பிடித்துக்கொண்டார். வழக்கமாக நடுப்பகலில் ஊதும் பகல் சங்கு என்று முடிவு செய்து, அந்த நேரத்துக்கு லக்கினம் போட்டார்.

7. போட்ட லக்கினத்தில் பிதுர் தோஷம் விழுந்தது. தகப்பன் இந்தக் குழந்தையின் முகத்தை நேராகப் பார்த்தால் ஆயுசுக்கு ஆகாது என்றார். இப்படிப்பட்ட தோஷத்துக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தாய் குழந்தையை எடுத்துக்கொண்டு தகப்பனுக்குப் பின்னால் நிற்பாள். தகப்பன் முன்னால் வைத்த எண்ணெயில் குழந்தையின் நிழலை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு திரும்பி முகத்தைப் பார்ப்பார். தோஷம் எண்ணெயோடு போயிற்று என்று எல்லோரும் சாப்பிடப் போவார்கள். குழந்தைக்கு மூன்றாம் மாதம் ஆனதும் ஜோதிடர் அதையும் நடத்தினார். முகம் தெரிந்தால் குழந்தை வீட்டில் இருக்கலாம், தெரியாவிட்டால் வீட்டை விட்டுப் போகவேண்டும் என்று ஒரு நிபந்தனையைத் தாமாகச் சேர்த்துக்கொண்டார். தெளிந்த விளக்கெண்ணெய் வைப்பார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் வைத்தது அன்று காலையில் செக்கிலிருந்து இறங்கிய கடலை எண்ணெய். கசடு படியவில்லை, நுரை அடங்கவில்லை. ஜன்னலையும் சாத்தச் சொல்லிவிட்டார். அந்தக் கிண்ணத்தில் யானை நின்றிருந்தாலும் தெரிந்திராது.

8. நான் கூடத்தில் ஓரமாக நின்று பார்த்தேன். ஜமீன்தார் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "ஒண்ணுந் தெரியலீங்களே சோசியரே. நொரையாத்தான இருக்குது" என்றார். "அதுதானுங்க எஜமான் சகுனம்" என்று பதில் வந்தது. அப்போது பின்னாலிருந்த குழந்தை கையை நீட்டி ஜமீன்தாரின் தலைப்பாகைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. விடவில்லை. ஜமீன்தார் திரும்பவும் இல்லை, தலைப்பை இழுத்துக்கொள்ளவும் இல்லை. அப்படியே குனிந்தபடி இருந்தார். அந்தக் கூடத்தில் சிரிப்பு மூட்டுவதற்காகச் சம்பளம் வாங்குகிறவன் நான் ஒருவன்தான். நான் என் துண்டின் கரையிலிருந்து நூல் பிரித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஜோதிடரே வந்து குழந்தையின் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். அன்று சாயங்காலமே ராசாத்தாளும் குழந்தையும் சூலூரில் அவருடைய அண்ணன் வீட்டுக்கு வண்டியேற்றப்பட்டார்கள்.

9. இதன் பிறகு நடந்ததுதான் ஐயா அவர்கள் கவனிக்கவேண்டியது. தாராபுரம் பக்கம் அங்கப்பன் என்ற பெரிய மிராசுதார் இருக்கிறார். ஜமீன்தாருக்குத் தூரத்துப் பங்காளி, பிள்ளை இல்லை. அவருக்கும் ஜோதிடர் இதே சுந்தரராஜுலுதான். மேற்கேயிருந்து ஒரு பெரிய வீட்டுப் பிள்ளை உங்கள் மடியில் வந்து உட்காரும் என்று அங்கப்பனுக்குப் போன தையிலேயே பலன் சொல்லியிருக்கிறார். ஆனியில் குழந்தை பிறந்து, எண்ணெய்ச் சடங்கும் முடிந்ததும், தோஷம் தீர வேண்டுமானால் பிள்ளையைக் கிழக்கே ஒரு பங்காளிக்குத் தத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று ஜமீன்தாருக்குச் சொன்னார். ஒருவரிடம் மேற்கு, இன்னொருவரிடம் கிழக்கு. நடுவில் நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறவர் இவர். பலித்த ஜோதிடர் என்று இரண்டு ஊரிலும் பெயர் வேறு. தத்துக்கு வருகிற தை மாதத்தில் முகூர்த்தம் வைத்திருக்கிறார்கள். ஜமீன்தார் சம்மதித்துவிட்டார். ஆறு மாதமாகப் பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்காத மனிதர் அவர். அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத என் பேனாவுக்கு விருப்பமில்லை. நாலு காசு மை அவருக்கு அதிகம்.

10. தோஷம் உண்டா இல்லையா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. எறும்பு கடித்த நாளிலிருந்து எனக்கு நவக்கிரகத்தோடு பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் ஜோதிடர் கணக்குப்படியே வைத்துக்கொண்டாலும் இந்த ஜாதகம் தப்பு. குழந்தை பிறந்த அன்று பீளமேட்டு மில் ஒன்றில், பழைய நீராவிச் சங்கை எடுத்துவிட்டு, நீலகிரிப் பைக்காரா நீர்வீழ்ச்சியிலிருந்து வரும் மின்சாரத்தில் ஊதும் புதுச் சங்கை மாட்டினார்கள். அந்த வைபவத்தில் தொழிலாளிகளைச் சிரிக்க வைக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் பெஞ்சின் மேல் ஏறி, மாமியாரும் மருமகளும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்த கதையை ஆரம்பித்து, கதையில் சிரிப்பு வரும் இடத்துக்கு ஒரு வார்த்தை பாக்கியிருக்கும்போது, மெக்கானிக் தேவானந்தம் சோதனை பார்க்கிறேன் என்று சங்கை ஊதிவிட்டார். நான் பெஞ்சிலிருந்து விழுந்தேன். அதற்கும் ஜனங்கள் நன்றாகச் சிரித்தார்கள். பகல் சங்கு ஊத அப்போது இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. நான் எழுந்து, அடி பட்ட இடத்தைத் தடவிக்கொண்டு, அந்தக் கதையை முடித்து, வேறு இரண்டு கதைகளும் சொல்லி, மில்லில் கொடுத்த காப்பியையும் குடித்த பிறகுதான் வழக்கமான பகல் சங்கு ஊதியது. அதாவது அன்றைக்குச் சங்கு இரண்டு. பிள்ளை பிறந்த குதூகலத்தில் அரண்மனைக் கூடத்தில் இரண்டாவதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒன்றரை மணி நேரம் முந்திப் பிறந்திருந்தால் லக்கினமே பக்கத்து ராசிக்குப் போய்விடும். தோஷம் நிற்க இடமில்லை. இதை நான் சொல்லவில்லை. சுந்தரராஜுலு தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிற பஞ்சாங்கமே சொல்கிறது.

11. இதை நான் சபையில் பணிவாகவே கேட்டேன். "ஏனுங்க சோசியரே, ரெண்டு சங்கு ஊதுச்சே, சனி எந்தச் சங்குக்குங்க எந்திரிச்சு வந்தாரு?" என்றேன். ஜமீன்தார் சிரித்துவிட்டார், கையால் வாயை மூடிக்கொண்டார். ஜோதிடர் சிரிக்கவில்லை. "விகடகவியாருக்கு ஊதற சங்கும் கிட்டத்துல வந்துபோச்சுங்க" என்றார். நல்ல பதில்தான். என் தொழிலுக்கு வந்திருந்தால் பிழைத்திருப்பார். மறுநாள் என் நிழல் எஜமான் மேல் விழுந்தால் ஜமீனுக்கு வம்ச நாசம் என்று ஒரு பலன் பிறந்தது. என்னை வாசலில் பீரங்கிக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள். கோழி மட்டும் உள்ளே போய் வந்துகொண்டிருந்தது.

12. போன வாரம் ராசாத்தாள் தம் அண்ணனோடு பீளமேட்டில் என் வீட்டுக்கு வந்தார். ஜமீன் வீட்டு அம்மாள் என் வீட்டுக் கோரைப்பாயில் உட்கார்ந்ததைப் பார்த்து என் மனைவி என்னை முறைத்தாள். அவர் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன். "ஏனுங்ணா, ஊரையே சிரிக்க வெச்சுப்போடறீங்க. எனக்கு ஒரு காயிதம், சிரிப்பில்லாம எழுதிக் குடுங்க. பையன் பொறந்தப்ப ஒரு சங்கு ஊதுச்சுங்க. பாலைக் குடிச்சுப்போட்டு என்ற மார் மேலயே தூங்கிட்டான். அப்பறம் மறுக்கா ஊதுச்சு. அந்தச் சத்தத்துக்குத் திடுக்குன்னு முழிச்சு அழுதானுங்க. அதைச் சோசியர்கிட்டச் சொன்னேன். பெத்த ஒடம்புக்கு என்னென்னமோ கேக்குமுங்க அம்மணின்னுபோட்டாரு. தாராபுரத்துல வெள்ளித் தொட்டில் செஞ்சு வெச்சிருக்காங்களாமா. எங்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கலீங்ணா."

இதைச் சொல்லி முடித்து, மடியிலிருந்த குழந்தையின் கையில் ஒட்டியிருந்த என் வீட்டு முறுக்குத் தூளைத் தட்டிவிட்டார். அழவில்லை. சிரிப்பில்லாமல் எழுதச் சொன்னார். என்னால் முடிந்தது இவ்வளவுதான். அதற்காக ஐயா அவர்களிடமும் அந்த அம்மாளிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

13. பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுக்கத் தகப்பன் ஒருவன் சொன்னால் போதும், தாயைக் கேட்க வேண்டியதில்லை என்று ஒரு வக்கீல் குமாஸ்தா எனக்குச் சொன்னார். அது சட்டமாக இருந்தால் நான் என்ன செய்ய முடியும். ஆனால் ஜமீன் வாரிசு விஷயம் சர்க்காருக்கும் சம்பந்தப்பட்டது என்பதால் ஐயா அவர்கள் கேட்க இடமிருக்கிறது. ஆகையால் கருணை கூர்ந்து, தை மாதத் தத்தை விசாரணை முடியும் வரை நிறுத்தி வைக்கும்படியும், மெக்கானிக் தேவானந்தத்தையும் ராசாத்தாளையும் அழைத்து இரண்டு சங்குகளைப் பற்றி வாக்குமூலம் வாங்கும்படியும், சுந்தரராஜுலு ஒரே குழந்தையைப் பற்றி இரண்டு வீட்டில் சொன்ன பலன்களை நேரில் வைத்து விசாரிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். ஜமீன்தாருக்கு அப்போதும் தெளியவில்லையென்றால், ஜன்னலைத் திறந்து வைத்து, நல்ல தெளிந்த விளக்கெண்ணெயில் இன்னொரு முறை பார்க்க உத்தரவிட வேண்டும். எண்ணெய்ச் செலவு என்னுடையது.

தை பிறக்க அதிக நாள் இல்லை. ஐயா அவர்கள் ஒரு வரி எழுதினால் ஒரு தாய் தன் பிள்ளையோடு இருப்பாள்.

இடம்: பீளமேடு
தேதி: 20-12-1934

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள,
ஆ. வெங்கடபதி
(கையொப்பம்)

பி.கு.: மனுவைச் சுத்தப் பிரதி எடுத்து, சாட்சிக் கையெழுத்துக்காக ராசாத்தாளின் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். ஒன்பதாவது பாராவில் ஜமீன்தாரைப் பற்றி எழுதியிருந்த இடம் வந்ததும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஒரு விஷயத்தை யாரிடமும் சொல்வதில்லை என்று அண்ணனும் தங்கையும் ஜமீன்தாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்களாம். அதனால்தான் அன்று என் வீட்டில் அந்த அம்மாள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஐப்பசியிலிருந்து சூலூர்ச் சந்தை நாள் தவறாமல், மாடு பிடிக்கப் போவதாக ஜோதிடரிடம் சொல்லிவிட்டு, ஜமீன்தார் பின்சந்து வழியாக அவர்கள் வீட்டுக்கு வருகிறாராம். வந்ததும் துண்டை எடுத்துத் தம் கண்ணைக் கட்டிக்கொண்டு, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, சந்தை கலையும் வரை உட்கார்ந்திருப்பாராம். தத்தை நிறுத்தச் சொல்லத் தைரியம் வரவில்லையாம். இதனால் என் கோரிக்கையில் மாற்றம் ஒன்றுமில்லை. நேரம் இல்லாததால் ஒன்பதாவது பாராவைத் திருத்தாமலே அனுப்புகிறேன். போன சந்தையன்று புறப்படும்போது, குழந்தையின் இடது காதுக்குப் பின்னால் கடுகளவு மச்சம் ஒன்று இருப்பதை, அதுவரை வீட்டில் ஒருவரும் கவனிக்காததை, கண்கட்டோடு விரலால் தடவிப் பார்த்தே அவர்தான் சொன்னாராம்.